புதைபடிவம்: சல்லடையில் சிக்கியதை எப்படி அழைப்பது, எப்படி அறிவது

மண்ணிலும் பாறையிலும் தங்கிவிட்ட பழங்கால உயிர்களின் அடையாளமான ‘ஃபாசில்’ என்பதற்குத் தமிழில் மூன்று சொற்கள் நன்றாகப் புழங்குகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் புதைபடிவம், இலங்கைப் பாடநூல்களில் உயிர்ச்சுவடு, கட்டுரை நடையில் தொல்லுயிர் எச்சம். நாளிதழ்களில் சில நேரம் ‘பாசில்’ என்றே வருகிறது. அதை முதல் முறை படிப்பவர் பாசியோடு தொடர்புடைய ஏதோ ஒன்று என்று நினைத்தால் அவர்மேல் குறையில்லை.

மூன்று தமிழ்ச் சொற்களும் ஒரே பொருளைச் சுட்டினாலும், ஒவ்வொன்றும் அதன் வேறு பக்கத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆற்றுப் படுகையைச் சலித்துக் கிடைத்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்தச் சொல் எங்கே பொருந்தும் என்பது தெரியவரும்.

மூலச்சொல்

இலத்தீனில் ‘ஃபோதெரே’ என்றால் தோண்டுதல். அதிலிருந்து வந்த ‘ஃபாசிலிஸ்’ என்பதன் பொருள் தோண்டி எடுத்தது, அவ்வளவுதான். உயிரோ பழமையோ அந்தச் சொல்லில் இல்லை. 1546இல் வெளிவந்த, ஜெர்மானிய அறிஞர் அக்ரிகோலாவின் இலத்தீன் நூலின் தலைப்பிலேயே இச்சொல் இருக்கிறது. ஆனால் நூல் பெரிதும் பேசுவது தாதுக்களையும் மணிக்கற்களையும் மண்வகைகளையும்தான். மண்ணுக்குள்ளிருந்து வந்த எதுவானாலும் அன்று ‘ஃபாசில்’.

பொருள் குறுகியதற்கு ஒரு சுறாப்பல்லும் காரணம். மால்டா தீவுப் பாறைகளில் கிடைத்த முக்கோணக் கற்களை ஐரோப்பியர்கள் நாக்குக்கல் என்றார்கள், பாம்பின் நாக்கு கல்லானது என்று நம்பினார்கள், நஞ்சுமுறி மருந்தாகவும் வைத்துக்கொண்டார்கள். 1666இல் இத்தாலியின் லிவோர்னோ அருகே பிடிபட்ட பெரிய சுறாவின் தலையை டென்மார்க்கைச் சேர்ந்த அறிஞர் நிக்கோலஸ் ஸ்டீனோ அறுத்துப் பார்த்தார். அதன் பற்களும் நாக்குக்கற்களும் ஒன்றே என்று அடுத்த ஆண்டு எழுதினார். அவருக்கு முன்பும் இதைச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் கடலில் இருந்த ஒன்று பாறைக்குள் எப்படிப் போனது என்ற கேள்வியை அவர் விடாமல் தொடர்ந்தார். அதன்பின் மெல்ல மெல்ல, பழங்கால உயிர்களின் அடையாளத்துக்கு மட்டும் அச்சொல் உரியதாயிற்று.

தமிழ்ச் சொற்கள்

புதைபடிவத்தில் ‘புதை’ தெளிவு. ‘படிவம்’ என்றதும் விண்ணப்பப் படிவம் நினைவுக்கு வருவதால் சிலர் இச்சொல்லை வெறும் அச்சுப்பதிவு என்று எடுத்துக்கொண்டு, எலும்புக்குப் பொருந்தாது என்கிறார்கள். வேர் ‘படிதல்’. வண்டல் படிகிறது, தூசு படிகிறது, படிவுப்பாறை உருவாகிறது. புதைந்து படிந்தது என்று பிரித்தால் எலும்பும் பல்லும் காலடித்தடமும் அதில் அடங்கிவிடும். தோண்டி எடுத்தது என்ற மூலப்பொருளுக்கும் இதுவே மிக அருகில் நிற்கிறது.

தொல்லுயிர் எச்சம் என்பது எஞ்சியதைச் சொல்கிறது. பல், எலும்பு, ஓடு ஆகியவற்றுக்கு மிகச் சரி. புழு குடைந்த துளைக்கும் விலங்கின் காலடிக்கும் ஒத்துவராது, ஏனெனில் அங்கே உடலில் எதுவும் எஞ்சவில்லை. பறவையின் எச்சம் என்ற வழக்கையும் சேர்த்து யோசித்தால், கல்லாகிப்போன விலங்குச் சாணத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்துகிறது! உயிர்ச்சுவடு இதற்கு நேர்மாறு: தடங்களுக்கு அழகான சொல், ஆனால் கையளவு கடைவாய்ப்பல்லைச் சுவடு என்று சொல்ல நாக்கு தயங்குகிறது.

எனவே பொதுப்பெயராகப் புதைபடிவத்தை வைத்துக்கொண்டு, அதற்குள் எச்சம், அச்சு, வார்ப்பு, தடம் என்று பிரிப்பது நல்லது. சிப்பி கரைந்துபோய் அது இருந்த குழி மட்டும் பாறையில் மிஞ்சினால் அச்சு. அந்தக் குழியில் வேறு தாது நிரம்பி இறுகினால் வார்ப்பு. சிப்பியின் உட்புறத்தில் சேறு நிரம்பி இறுகி, ஓடு கரைந்து போனால் உள்ளச்சு. ஆற்றுச் சரளையில் உள்ளச்சுகள் நிறையக் கிடைக்கும். இருவால்வுச் சிப்பியின் உள்ளச்சு பக்கவாட்டில் பார்த்தால் இதய வடிவில் இருக்கும், நத்தையினுடையது திருகாணி போல இருக்கும். இவற்றில் ஓட்டின் துளிகூட இல்லாததால் எச்சம் என்று எழுதினால் பிழை.

கலைச்சொல் வருவதற்கு முன்பே தனித்தனிப் பொருள்களுக்குப் பெயர் இருந்தது. கல்லான மரத்துக்குக் கல்மரம். நேபாளத்தின் காளி கண்டகி ஆற்றில் எடுக்கப்படும் சாளக்கிராமங்களில் பல, கருங்கூழாங்கல்லுக்குள் அடைபட்ட அம்மோனைட்டுகள்தாம். புழு துளைத்ததாகச் சொல்லப்படும் சக்கரக்கோடுகள் அந்தக் கடலுயிரியின் சுருள் அறைகள். அம்மோனைட்டுகள் சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயின.

அரித்தல்

சலிப்பதற்குத் தமிழில் அரித்தல் என்றும் சொல்வோம், மண்ணை ஆறு தின்பதற்கும் அரித்தல் என்போம். இங்கே இரண்டும் ஒரே வேலையின் இரு பாதி. கரையிலுள்ள பல்வேறு காலத்துப் படிவுகளை ஆறு அரித்து, மென்மையானதைக் கரைத்து அனுப்பி, கனமானதைச் சரளையில் விட்டுவைக்கிறது. மீதியை மனிதர் அரிக்கிறார்.

தேட வேண்டியது மணலை அல்ல, அதற்கு அடியில் களிமண்ணின்மேல் கிடக்கும் சரளை அடுக்கை. ஒன்றரை மீட்டர் இரும்புக்கம்பியை ஊன்றிப் பார்த்தால் மணலில் ஓசையின்றி இறங்கும், களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், சரளையில் நறநறக்கும். வளைவின் உட்பக்கத் திட்டு, பாறைக்குப் பின்புற நீர்நிழல், பாறைக்குழிகள் ஆகிய இடங்களில் ஓட்டம் வேகமிழப்பதால் கனமானவை தங்கும். நீர் குறைந்த பருவமே ஏற்றது. செங்குத்துக் கரையின் அடியைக் குடைவது கூடாது, மேலே இருப்பது அப்படியே சரிந்துவிடும்.

சல்லடைக்கண் 6 மி.மீ. என்றால் பெரும்பாலான பற்கள் நிற்கும். மேலே 12 மி.மீ. கண்ணுள்ள ஒன்றை வைத்தால் பெருங்கற்கள் தனியாகும். திருக்கையின் தோல்முள், சிறு மீன்பல் வேண்டுமானால் 1 மி.மீ. கண்ணில் அரித்து, உலர்த்தி, உருப்பெருக்கியின் கீழ் பிரிக்க வேண்டும். இரண்டு மண்வெட்டிக்கு மேல் போடக்கூடாது. நிரம்பிய சல்லடை அசையாது, அசையாதபோது எடை பிரியாது. முதலில் தண்ணீருக்குள் மேலும் கீழுமாக ஆட்டி மணலை இறக்கி, பின் வட்டமாகச் சுழற்றினால் கனமானவை நடுவில் அடியில் சேரும். பற்களும் எலும்புகளும் பாஸ்பேட்டுத் தாதுவான அப்படைட் வகை, அதன் அடர்த்தி சுமார் 3.2. சாதாரணக் கூழாங்கல்லின் குவார்ட்ஸ் 2.65 மட்டும். ஆனால் துளைகள் நிரம்பாத பஞ்செலும்பு இலேசாகவே இருக்கும், ஓரத்தில் ஒதுங்கிவிடும். நடுவை மட்டும் பார்த்துவிட்டு மற்றதைக் கொட்டுபவர்கள் இழப்பது இதைத்தான்.

கல்லா, எலும்பா, பழையதா

நிறத்தை முதலில் மறந்துவிட வேண்டும். கருப்பு என்றால் பழையது என்ற எண்ணம்தான் அதிகப் பிழைகளுக்கு மூலம். கருமை, பழுப்பு, செம்மை எல்லாம் சூழ்ந்திருந்த மண்ணின் இரும்பு, மாங்கனீசு, பாஸ்பேட்டைப் பொறுத்தவை. இலைச்சாறு இறங்கிக் கருத்த நீரில் கிடந்த அண்மைக்கால மாட்டெலும்பும் கருத்துவிடும். அதில் நேரான, ஒழுங்கான வெட்டுத்தழும்பு இருந்தால் கசாப்புக்கடை ரம்பத்தின் வேலை, படிவம் அல்ல.

எலும்பென்றால் உடைந்த முகத்தைப் பாருங்கள். வெளியே இறுகிய அடுக்கு, உள்ளே பஞ்செலும்பு, மேற்பரப்பில் இரத்தக்குழாய்த் துளைகள். கல்லில் இந்த ஒழுங்கு இராது. தாதேறிய எலும்பு எடை கூடியிருக்கும், இன்னொரு கல்லில் தட்டினால் பீங்கான் போல் கணீரென்று ஒலிக்கும். ஐயம் நீங்காவிட்டால் பழுக்கக் காய்ச்சிய ஊசியை உடைந்த ஓரத்தில் தொடலாம். முடி கருகும் வாடை வந்தால் புரதம் இன்னும் இருக்கிறது, எலும்பு இளையது. துளையுள்ள எலும்பு நாக்கில் ஒட்டும் என்றொரு பழைய சோதனை உண்டு. தாது முழுவதும் நிரம்பியது ஒட்டாது என்பதாலும், ஆற்றுநீரின் கிருமிகளை எண்ணியும் அதை விட்டுவிடலாம்.

எத்தனை ஆண்டு கழிந்தால் படிவம்? 10,000 ஆண்டு என்பது வழக்கத்திலுள்ள கோடு, இயற்கை போட்ட கோடு அல்ல. கல்லாவது கட்டாயமும் இல்லை. உறைமண்ணில் கிடைக்கும், அற்றுப்போன யானையினமான மாமூத்தின் தந்தம் கல்லாகாமலே புதைபடிவம்.

எது எந்த உயிர்

சுறாப்பற்கள்தாம் அதிகம் கிடைப்பவை. சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பு, பெரும்பாலும் அழிந்துவிடும். பல்லோ வாழ்நாள் முழுதும் விழுந்து முளைக்கும், ஒரு சுறாவுக்கு ஆயிரக்கணக்கில். முதலில் வேரையும் முடியையும் (ஈறுக்கு வெளியே தெரியும் பகுதி) பிரித்துப் பார்க்க வேண்டும்: வேர் சொரசொரப்பு, முடி பளபளப்பு. மெகலோடான் என்ற அற்றுப்போன மாபெரும் சுறாவின் பல்லில் இவ்விரண்டுக்கும் நடுவே பளபளப்பற்ற பட்டை ஒன்று ஓடும், விளிம்பு ரம்பம் நுண்மையாக இருக்கும். வெள்ளைச்சுறாவின் பல்லில் அந்தப் பட்டை கிடையாது, ரம்பம் முரடு. புலிச்சுறா பல்லில் ஒரு பக்கம் ஆழ்ந்த வெட்டு. நீண்டு மெலிந்து, அடியில் இருபுறமும் சிறுகூர் இருந்தால் மணற்சுறா. ஆற்றில் உருண்ட பல்லில் ரம்பம் மழுங்கிவிடுவதால், வழவழப்பான விளிம்பை மட்டும் வைத்து இனத்தைச் சொல்லக்கூடாது.

ஒரு முகம் வழவழப்பு, மறுமுகம் சீப்புப்பல் போல் வரிவரியாக இருக்கும் சிறு சட்டம் திருக்கையின் அரைபல். கூம்பு வடிவில், அடியில் உள்ளீடற்று, நெடுக்குவரிகளோடு இருப்பது முதலைப்பல். குழிகுழியான தகட்டின் நடுவே முகடு ஓடினால் முதலையின் தோலெலும்பு.

ஆமையோட்டுத் துண்டை ஓரத்தில் பார்த்தால் இரண்டு இறுகிய அடுக்குக்கு நடுவே பஞ்சடுக்கு தெரியும். ஓரம் ரம்பமாகப் பொருந்தும் கோடாக இருந்தால் அது எலும்புத்தகடுகள் சேர்ந்த இடம். மேற்பரப்பில் ஓடும் ஆழ்ந்த கீறல் வேறு: அது மேலிருந்த கொம்புத்தகடுகளின் எல்லை. இரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில் வராது. கீறலை விரிசல் என்று நினைத்துப் பிளக்க முயல்வோர் உண்டு.

கடற்பசுவின் விலா எலும்பு பெரும்பாலும் கல்லென்றே தூக்கி எறியப்படும். வாழைப்பழம் போல் வளைந்து, உள்ளே பஞ்சில்லாமல் முழுக்க இறுகி, அளவுக்கு மீறிய கனத்தோடு இருக்கும். நீரில் மூழ்கி மேய அந்தக் கனம் அதற்குத் தேவை.

பாலூட்டிகளின் கடைவாய்ப்பல்லில் அரைக்கும் முகத்தைப் பார்க்க வேண்டும். குதிரையின் மேற்பல் உயரமான சதுரத்தூண், முகத்தில் மடிந்து மடிந்து ஓடும் பற்சிப்பிக் கோடுகள். மாட்டுக்கும் மானுக்கும் பிறைகள். இணைகோடுகளாகத் தகடுகள் நின்றால் மாமூத், இரட்டைக் கூம்பு முகடுகள் நின்றால் அதன் தூரத்து உறவான, அதுவும் அற்றுப்போன மாஸ்டோடான். மாமூத் பல் தகடு தகடாகப் பிரிந்து வருவதால் தனித்தகடு வெறும் சில்லு போலத் தோன்றும். குறுக்கு முகத்தில் வலைப்பின்னலாகக் கோடுகள் வெட்டிக்கொண்டால் அது யானைக்குலத்தின் தந்தம்.

மயக்குபவை

படிவம் போலத் தோன்றி ஏமாற்றும் கற்களுக்குப் போலிப்படிவம் என்ற பெயர் பொருந்தும். பாறைப் பிளவில் மாங்கனீசு படிந்து கிளைத்த கோடுகள் பெரணிபோல் இருக்கும். ஆனால் நடுநரம்போ இலையமைப்போ இராது. ‘டைனோசர் முட்டை’ என்று வருவது பெரும்பாலும் உருண்டு திரண்ட தாதுக்கட்டி. கத்திமுனையால் கீறினால் அப்படைட்டில் கோடு விழும், குவார்ட்ஸில் விழாது. ஆனால் மரமோ சிப்பியோ குவார்ட்ஸாகவே மாறியிருக்கவும் கூடும் என்பதால் அமைப்பைப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. வினிகர் விட்டுப் பார்க்காதீர்கள். பொங்கினால் சுண்ணாம்பு என்று தெரியும், சிப்பியும் கொஞ்சம் போய்விடும்.

மனித எலும்போ என்று ஐயம் எழுந்தால் கையெடுத்துவிட்டுக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். எடுக்கும் உரிமை நாட்டுக்கு நாடு, சில இடங்களில் உயிரினத்துக்கு உயிரினம் மாறுகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அரசு நிலத்திலும் நீரிலும் முதுகெலும்பிப் படிவம் எடுக்க அனுமதி வேண்டும், சுறாப்பல்லுக்கு வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின்

நீரில் ஊறிய எலும்பும் தந்தமும் வெயிலில் வைத்தால் வெடிக்கும். வெளிப்புறம் முதலில் காய்ந்து சுருங்க, உட்புறம் ஈரத்தில் விரிந்தே இருப்பதுதான் காரணம். துளையிட்ட பிளாஸ்டிக் பையில் நிழலில் வைத்து வாரக்கணக்கில் உலர விட வேண்டும். முழுக்க உலர்ந்தபின் உதிர்ந்தால், அசிட்டோனில் 5 முதல் 10 சதவீதம் கரைத்த பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினை ஊட்டலாம். பின்னால் நீக்கவும் முடியும். வார்னிஷ் பூசினால் நீக்குவது பெரும்பாடு.

பெயர்ச்சீட்டில் ஆற்றின் பெயர், இடக்குறிப்பு, நாள், ஆழம், கண்டது என்ன, எச்சமா அச்சா தடமா என்பன வேண்டும். அதோடு ‘இடம்பெயர்ந்த படிவம்’ என்றும் எழுதுங்கள். கரையின் வெவ்வேறு அடுக்குகளிலிருந்து வந்தவற்றை ஆறு ஒரே சரளையில் கலந்து போடுவதால், ஒரே சல்லடையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த மெகலோடான் பல்லும் மாமூத் பல்லும் ஒரே காலத்தவை அல்ல. மெகலோடான் அற்றுப்போய்ச் சுமார் 36 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன, மாமூத் பனியுகத்தின் இறுதிவரை உலவியது. சீட்டில் அந்த இரண்டு சொற்கள் இல்லாவிட்டால், பின்னாளில் பார்ப்பவர் ஒன்றின் வயதை மற்றொன்றுக்கு எழுதிவிடுவார்.