குதிரை இருமினால் யாரிடம் சொல்ல வேண்டும்? சேலம், ஏற்காட்டில் குதிரை, கழுதை வளர்ப்போருக்கான சட்ட விளக்கம்

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குப் போகிறவர்கள் சுழி பார்ப்பார்கள், பல் பார்ப்பார்கள். இருமலையும் பாருங்கள். வெளி மாநிலக் குதிரைகளும் நம்மூர்க் குதிரைகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இடம் அது. எச்3என்8 இன்ஃப்ளூயன்சா என்ற குதிரைச் சளிக்காய்ச்சல் தொற்றிய குதிரைக்கு 1 முதல் 3 நாள் கழித்துத்தான் காய்ச்சல் தெரியும். அதற்குள் வண்டி ஏற்காடு மலையேறியிருக்கும்.

நாடு விட்டு நாடு போவதும் இப்படித்தான். அதுவரை இந்த நோயே இல்லாத ஆஸ்திரேலியாவுக்குள் 2007இல் இறக்குமதிக் குதிரைகளோடு புகுந்தது. இந்தியாவில் 2008இல் ஜம்மு பக்கம் கத்ராவில் தலைகாட்டிப் பல மாநிலங்களுக்குப் பரவியது.

2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பட்டியலில் இந்த நோய் இருக்கிறது. பிரிவு 4இன்படி, சந்தேகம் வந்ததுமே உரிமையாளர் கிராம அலுவலரிடமோ ஊராட்சியிலோ தெரிவிக்க வேண்டும். நோய் உறுதியாகும்வரை காத்திருக்கக் கூடாது. பிரிவு 5 இன்னும் முக்கியம்: நோய்ப்பட்டதைத் தனியே கட்ட வேண்டும்; பொது மேய்ச்சலுக்கு விடக் கூடாது; ஏரி, குளம், பொதுத் தொட்டியில் தண்ணீர் காட்டக் கூடாது. மீறினால் முதல் முறை 1000 ரூபாய் வரை அபராதம்.

கொன்றுவிடுவார்களோ என்று பயந்து பலர் மறைக்கிறார்கள். கொல்ல வேண்டிய நோய் இதுவல்ல. ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் மூக்கொழுகல் கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோயிலும் வரும், அது மனிதருக்கும் தொற்றும். மூக்குச் சளியையும் ரத்தத்தையும் பரிசோதித்தால்தான் எது என்று தெரியும். கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், அல்லது 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் பேசுங்கள்.

வண்டியில் ஏற்றுமுன், 1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி, தொற்றுநோய் இல்லை, பயணத்துக்குத் தகுதி உண்டு என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று வேண்டும். சான்று வாங்கிய மறுநாளே காய்ச்சல் வரலாம். அதனால் சந்தையிலிருந்து வந்ததை 3 வாரம் தனியே கட்டுவது நல்லது. கடிவாளம், கொள்ளுப் பை, வாளி எல்லாம் வேறாக இருக்கட்டும். பழைய குதிரைகளை முதலில் கவனித்துவிட்டுக் கடைசியில் புதியதிடம் போங்கள். திரும்பியதும் சோப்பு போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றுங்கள்.

கழுதைக்கு இந்த நோய் இன்னும் கடுமை, நிமோனியா வந்து சாகவும் கூடும். குதிரையானாலும் கழுதையானாலும், காய்ச்சல் அடித்தது எத்தனை நாளோ அத்தனை வாரமாவது ஓய்வு வேண்டும். மூன்று நாள் காய்ச்சல் என்றால் மூன்று வாரம் பொதியும் இல்லை, சவாரியும் இல்லை.