உடல் எப்படி அடங்குகிறது: கடைசி நாட்களின் அறிவியல்

மரணம் பற்றிய புத்தகங்களில் பெரும்பாலானவை மனதைப் பற்றியே பேசுகின்றன. அச்சம், பிரிவு, மன்னிப்பு, மறுமை என்று அவற்றில் எல்லாம் இருக்கும். மூச்சு எப்படி மாறும், கால் ஏன் குளிரும் என்பது மட்டும் அரிதாகவே இருக்கும். ஆனால் கட்டிலருகே உட்கார்ந்திருப்பவருக்கு நள்ளிரவில் எழும் கேள்விகள் உடலைப் பற்றியவை. மூன்று நாளாகச் சாப்பிடவில்லையே, பசியில் வாடுகிறாரா? தொண்டையில் இந்தச் சத்தம் என்ன? மூச்சு நின்று நின்று வருகிறதே, வலிக்கிறதா? இவற்றுக்கு மருத்துவத்தில் தெளிவான பதில்கள் உண்டு. அவை தெரியாததால்தான் மூடிய வாயைத் திறந்து ஊட்டுகிறோம், குழாய் விட்டு சளியை உறிஞ்சச் சொல்கிறோம், வலி மருந்தைப் பயந்து நிறுத்துகிறோம். அந்தத் துன்பம் முழுவதும் படுத்திருப்பவர் மேல்தான் விழுகிறது.

இங்கே சொல்வது விபத்திலோ திடீர் மாரடைப்பிலோ நேரும் சாவைப் பற்றியல்ல. நோயிலோ முதுமையிலோ மெல்ல வரும் முடிவைப் பற்றியது. அதற்கும் ஒரே பாதை கிடையாது. புற்றுநோயாளி பல மாதங்கள் ஓரளவு நடமாடிக்கொண்டிருந்துவிட்டு கடைசிச் சில வாரங்களில் சட்டெனச் சரிவார். இதயமோ நுரையீரலோ பழுதானவருக்கு அடிக்கடி முற்றும், தேறும், மறுபடி முற்றும். ஒவ்வொரு முறையும் முன்பிருந்த நிலையைவிடக் கொஞ்சம் கீழேதான் தேறுவார். இதில் எந்த முறை கடைசி என்று மருத்துவராலேயே சொல்ல முடியாமல் போகும். மறதி நோயில் இறக்கம் பல ஆண்டுகள் நீளும். பாதைகள் வேறானாலும் கடைசிச் சில நாட்களில் எல்லாம் ஏறக்குறைய ஒரே வழியில் வந்து சேர்கின்றன.

முதலில் விலகுவது உணவு. முற்றிய நோயில் உடலெங்கும் அழற்சி பரவி, அதில் சுரக்கும் சைட்டோகைன் எனும் வேதிப்பொருட்கள் மூளையின் பசி மையத்தை அடக்கிவிடும். அவையே தசையையும் கரைக்கின்றன. அதனால்தான் எவ்வளவு ஊட்டினாலும் எடை ஏறுவதில்லை. உணவு குறையும்போது உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும். அதில் உண்டாகும் கீட்டோன்களும் பசியை மழுங்கச் செய்யும். ஆரோக்கியமானவர் பட்டினி கிடப்பதும் இதுவும் ஒன்றல்ல. சாப்பிடாததால் அவர் இறக்கவில்லை. உடல் அடங்கிக்கொண்டிருப்பதால் சாப்பிடவில்லை. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே வீட்டில் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும். வலிந்து ஊட்டினால் வேலை குறைந்த இரைப்பையில் உணவு தேங்கி வாந்தி வரும், அல்லது மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியா ஆகும். முற்றிய மறதி நோயில் மூக்கு வழியாகவோ வயிற்று வழியாகவோ குழாய் போட்டு ஊட்டுவது ஆயுளை நீட்டுவதாக நிரூபிக்கப்படவில்லை. அது நிமோனியாவைத் தடுப்பதுமில்லை. விழித்திருக்கும் நேரத்தில், நிமிர்த்தி உட்கார வைத்து, கேட்டால் ஒன்றிரண்டு சிறு கரண்டி கொடுப்பதே போதும்.

அடுத்த கேள்வி டிரிப் ஏற்றலாமா என்பது. முற்றிய புற்றுநோயாளிகள் 129 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நாளுக்கு 1 லிட்டர் சலைனும் மற்றதற்கு வெறும் 100 மில்லியும் ஏற்றிப் பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில் சோர்வு, குழப்பம் போன்ற அறிகுறிகளில் இரு குழுவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. ஏற்றியவர்கள் கூடுதல் நாள் வாழவும் இல்லை. காரணம் எளிது. நோயில் ரத்தத்தின் ஆல்புமின் புரதம் குறைந்துவிடுவதால் ஏற்றும் நீர் ரத்தக்குழாயில் தங்காமல் திசுக்களுக்குள் கசிகிறது. கை கால் வீங்கும், நுரையீரலில் நீர் கோக்கும், தொண்டைச் சளி கூடும். எல்லாருக்கும் டிரிப் வீண் என்று இதற்குப் பொருளல்ல. நினைவோடு இருப்பவர் தாகம் என்று சொன்னால் மருத்துவர் வேறு விதமாக முடிவெடுக்கலாம்.

பெரும்பாலும் தாகம் என்று நாம் நினைப்பது வாய் வறட்சி. வாயால் மூச்சு விடுவதாலும் சில மருந்துகளாலும் அது வருகிறது. நரம்பில் ஏற்றும் நீர் அதைத் தீர்க்காது. வாய்ப் பராமரிப்புதான் தீர்க்கும். விழித்திருக்கும்போது ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நன்றாகப் பிழிந்த ஈரப் பஞ்சாலோ மெல்லிய துணியாலோ நாக்கு, ஈறு, கன்னத்தின் உட்புறம் மூன்றையும் துடைக்க வேண்டும். காலையும் மாலையும் குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ் போதும். விழுங்க முடிகிறவருக்குத் தலையைச் சற்று உயர்த்தி, கன்னத்தின் ஓரத்தில் ஒரு மில்லி நீர் விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. உதட்டுக்கு நீர் சார்ந்த பூச்சு நல்லது. ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது பெட்ரோலியம் ஜெல்லி தடவக் கூடாது, அது எளிதில் தீப்பற்றும். எலுமிச்சை கிளிசரின் தோய்த்த குச்சிகள் வாயை மேலும் உலர்த்தும்.

இனி தூக்கம். நாளுக்கு 20 மணி நேரம் வரை உறங்குவதும், எழுப்பினாலும் அரைக்கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி ஆழ்வதும் இயல்பு. சிறுநீரகமும் கல்லீரலும் தளர்வதால் கழிவுகள் ரத்தத்தில் சேர்ந்து மூளையை மந்தமாக்குகின்றன. சிறுநீர் குறைந்து தேயிலை நிறத்துக்கு வரும். அதே நேரம் காது கேட்கிறது என்று நம்பிப் பேசுவதற்கு ஆதாரம் உண்டு: நினைவிழந்த சில நோயாளிகளின் மூளை, ஒலி வரிசையில் ஏற்பட்ட மாற்றத்துக்கு ஆரோக்கியமானவர்களின் மூளையைப் போலவே மின்னலைகளில் பதில் காட்டியதை 2020இல் கனடிய ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கேட்டது புரிந்ததா என்பதை அந்த அலைகள் சொல்வதில்லை. ஆனாலும் நோயாளியின் தலைமாட்டில் நின்று சொத்துக் கணக்குப் பேசாமலிருக்க இது போதுமான காரணம்.

சிலருக்கு உறக்கத்துக்கு மாறாக அமைதியின்மை வரும். போர்வையைப் பிய்ப்பார், எழுந்து போகப் பார்ப்பார், முனகுவார். மனம் போக மறுக்கிறது என்று விளக்கம் சொல்வதற்கு முன் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் அடிவயிறு புடைத்திருந்தால், சிறுநீரை வெளியேற்றும் ஒரு ரப்பர் குழாய் சில நிமிடங்களில் அவரை அமைதிப்படுத்திவிடலாம். மலச்சிக்கல், ஒரே பக்கம் படுத்த வலி, மருந்தின் விளைவு ஆகியவை அடுத்து பார்க்க வேண்டியவை. அதன் பிறகும் அடங்காவிட்டால் மருத்துவர் தரும் மருந்துகள் உண்டு. இறந்துபோன தாயோ தம்பியோ வந்ததாகச் சொல்வது வேறு விஷயம். அது மிகப் பலருக்கு வருகிறது, பெரும்பாலும் ஆறுதலாகவே இருக்கிறது. பயமுறுத்தாதவரை அதற்கு மருந்தும் வேண்டாம், திருத்தமும் வேண்டாம்.

மனநிலை பற்றி ஒரு திருத்தம் அவசியம். 1969இல் மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் எழுதிய நூல் மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து நிலைகளைச் சொன்னது. இறக்கும் நோயாளிகளை நேரில் உட்காரவைத்துக் கேட்ட துணிச்சலுக்காக அந்த நூல் கொண்டாடப்பட வேண்டியதுதான். ஆனால் அது படிக்கட்டாகப் படிக்கப்பட்டது தவறு. இந்த வரிசையில்தான் எல்லாரும் போவார்கள் என்பதற்கு ஆதாரமில்லை. காலையில் ஏற்பும் மாலையில் மறுப்பும் ஒரே ஆளிடம் இருக்கும். ஒருவர் ‘ஏற்பு’க்கு வந்து சேரவில்லை என்று கவலைப்படுவதும் அவரை அங்கே தள்ளப் பார்ப்பதும் தேவையற்ற கொடுமை.

உறவினர்களை மிகவும் உலுக்குவது மூச்சுதான். மூச்சு ஆழமாகி ஆழமாகி, பிறகு மெலிந்து மெலிந்து, நின்றுவிடும். 10, 20, சில நேரம் 30 நொடிகளுக்கும் மேலாக எதுவுமே இருக்காது. பிறகு மீண்டும் தொடங்கும். 1818இல் ஜான் செய்னும் 1854இல் வில்லியம் ஸ்டோக்ஸும் விவரித்ததால் இதற்கு செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு என்று பெயர். வெந்நீர்க் குழாயைத் திருகினால் சூடு தாமதமாக வரும் குளியலறையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குளிர்கிறதே என்று மேலும் திருகுவோம், திடீரெனக் கொதிக்கும். பதறி மூடுவோம், மறுபடி குளிரும். ரத்தத்தில் கரியமில வாயு எவ்வளவு என்ற செய்தியை வைத்தே மூளை மூச்சைக் கூட்டிக் குறைக்கிறது. ரத்த ஓட்டம் தளர்ந்தால் அந்தச் செய்தி தாமதமாக வருகிறது. மூளை எப்போதும் கடந்துபோன நிலைக்கே பதில் சொல்கிறது. அதனால்தான் இந்த ஏற்ற இறக்கம். நோயாளி பெரும்பாலும் நினைவின்றி இருப்பதால் இதில் திணறல் இல்லை.

தொண்டையில் கேட்கும் கரகரப்புக்குக் காரணம் இன்னும் எளிது. நாளெல்லாம் ஊறும் எச்சிலை நாம் அறியாமலே விழுங்கிவிடுகிறோம். விழுங்கும் அனிச்சை போனதும் அது தொண்டையில் தேங்கி, காற்று அதன் வழியே போகும்போது குமிழியிடுகிறது. முகம் சுளிக்கவில்லை, புருவம் நெரியவில்லை என்றால் அவர் துன்பப்படவில்லை. செய்ய வேண்டியது: ஒருக்களித்துப் படுக்க வைத்து, முதுகுக்கும் முழங்கால்களுக்கு நடுவிலும் தலையணை வைத்து, தலைப்பக்கத்தை ஏறத்தாழ 30 பாகை உயர்த்துவது. வாயோரம் வழிவதைத் துடைத்தால் போதும். ஆழமாகக் குழாய் விட்டு உறிஞ்சுவது குமட்டலையும் ரத்தக் கசிவையும் தந்து, சளியை மேலும் ஊறவைக்கும். சுரப்பைக் குறைக்கும் ஊசி மருந்துகள் புதிதாக ஊறுவதைத்தான் தடுக்கும், ஏற்கனவே தேங்கியதைக் கரைக்காது. 157 நோயாளிகளிடம் நடந்து 2021இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு இதையே காட்டியது: கரகரப்பு தொடங்கும் முன்பே ஹையோசின் பியூட்டைல்புரோமைடு எனும் அந்த வகை மருந்தைப் பெற்றவர்களில் 13 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் அது வந்தது.

உண்மையான மூச்சுத்திணறல் வேறு. நினைவோடிருப்பவர் மூக்கு விடைக்க, கழுத்துத் தசை இழுபட, பேச முடியாமல் தவிப்பார். இதற்குச் சிறு கைவிசிறியின் காற்றை முகத்தில், குறிப்பாக மூக்கும் கன்னமும் நனைவதுபோல் படவிட்டால் நன்றாகவே உதவும். முகத்தின் நரம்புகளில் படும் குளிர்ச்சி மூச்சுத்திணறல் உணர்வைத் தணிக்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் போதிய அளவு இருப்பவருக்கு ஆக்சிஜன் கொடுப்பதும் சாதாரணக் காற்றைக் கொடுப்பதும் ஒன்றே என்று 239 பேரிடம் நடந்த 2010ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அடுத்த உதவி மார்ஃபின், மிகக் குறைந்த அளவில்.

மார்ஃபின் என்றதும் ‘கதையை முடிக்கும் மருந்து’ என்ற பயம் வருகிறது. அளவு பார்த்துக் கூட்டப்படும் மார்ஃபின் முடிவை விரைவாக்குவதில்லை. இந்த வகை மருந்தே எடுத்திராத பெரியவருக்கு வாய்வழியாக 2.5 முதல் 5 மில்லிகிராம், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது வழக்கமான தொடக்கம். வயோதிகருக்கும் சிறுநீரகம் தளர்ந்தவருக்கும் இன்னும் குறைவாக, மருத்துவர் சொன்னபடி. கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும், வலி வந்த பிறகல்ல. 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் எனும் இறுதிக்காலப் பராமரிப்பு இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் வலியுறுத்திய முறை இது: வலி தலைதூக்கும் முன்பே அடுத்த வேளை போய்ச் சேர வேண்டும். நடுவில் வலி எழுந்தால் ஒரு நாளின் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு வரை கூடுதலாகத் தருவார்கள். நாளுக்கு 30 மில்லிகிராம் என்றால் கூடுதல் வேளை 5. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் கூடவே போக வேண்டும். குமட்டல் சில நாட்களில் பழகிப்போகும், மலச்சிக்கல் பழகுவதேயில்லை.

இதில் தவறு நேரும் இடங்கள் மூன்று. விழுங்க முடியவில்லை என்றதும் மருந்தை அப்படியே நிறுத்திவிடுவது ஒன்று. வலியும் மருந்து விலகலின் நடுக்கமும் ஒன்றாகத் தாக்கும். தோலுக்கடியில் ஊசியாக, வாய்வழி அளவில் பாதியோ அதற்கும் குறைவாகவோ தொடர முடியும். உறங்குகிறாரே என்று ஒரு வேளையைத் தவிர்ப்பது இன்னொன்று. மூன்றாவது நுட்பமானது: சிறுநீரகம் அடங்கும்போது மார்ஃபினின் சிதைவுப் பொருட்கள் உடலில் தேங்கி, கை கால் வெட்டி வெட்டி இழுக்கும், குழப்பம் கூடும். அதை வலி என்று நினைத்து அளவைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். அளவைக் குறைப்பதோ இடைவெளியை நீட்டுவதோ வேறு மருந்துக்கு மாற்றுவதோதான் வழி.

கடைசி மணி நேரங்களில் ரத்தம் நடுவுடலுக்குள் ஒடுங்குகிறது. பாதமும் விரலும் குளிரும், முழங்காலில் ஊதா நிறத்தில் வலைபோன்ற படர்வு தெரியும், மணிக்கட்டில் நாடி கிடைக்காது. வெந்நீர்ப் பை வைக்க வேண்டாம்; ரத்த ஓட்டம் இல்லாத தோல் உணராமலே வெந்துபோகும். மெல்லிய போர்வை போதும். மூச்சுடன் தாடை மட்டும் மேலும் கீழும் அசையத் தொடங்கினால் பெரும்பாலும் சில மணி நேரங்களே மிச்சம். முடிந்தது என்று எண்ணி ஒரு நிமிடம் கழிந்த பின்னும் ஓரிரு மூச்சு வரலாம்.

இதயம் நின்றதும் 10 முதல் 20 நொடிகளில் நினைவு மறைகிறது. செயற்கைச் சுவாசம் அகற்றப்பட்ட நான்கு பேரில் இரண்டு பேரின் மூளையில் அந்த வேளையில் வேக அலைகள் எழுந்ததாக 2023இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்கள் எதையாவது உணர்ந்தார்களா என்பதை அந்தப் பதிவிலிருந்து சொல்ல முடியாது.

பிறகு உடல் முதலில் தளர்கிறது. சிறுநீரும் மலமும் வெளியேறலாம். புரட்டும்போது நுரையீரலில் இருந்த காற்று முனகல்போல வெளிவரும், அது உயிரல்ல. தசைநார்கள் ஒன்றை ஒன்று விட்டு விலக ஏடிபி எனும் ஆற்றல் மூலக்கூறு தேவை. அது தீர்ந்ததும் அவை பிடித்த பிடியில் நின்றுவிடுகின்றன. விறைப்பு 2 முதல் 4 மணி நேரத்தில் தாடையிலும் கழுத்திலும் தெரியத் தொடங்கி, ஏறக்குறைய 12 மணி நேரத்தில் முழுமையாகும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக. ஆகவே இமைகளை அரை நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்து மூடுவது, பல்செட்டைப் பொருத்துவது, சுருட்டிய துண்டைத் தாடைக்கடியில் வைப்பது, கை கால்களை நேராக்குவது எல்லாவற்றையும் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும். கண் தானம் செய்வதென்றால் மின்விசிறியை நிறுத்தி, மூடிய இமைமேல் ஈரப் பஞ்சு வைத்து, தலையைத் தலையணையில் உயர்த்தி, உடனே கண் வங்கிக்குச் சொல்ல வேண்டும். பொதுவாக 6 மணி நேரத்துக்குள் எடுத்தால் நல்லது. மற்றபடி அவசரம் எதுவும் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு அருகில் உட்கார நேரம் இருக்கிறது.