நெல்லை யாருக்கும் விற்கலாம், பணத்துக்கு யார் பொறுப்பு?

சம்பா அறுவடை முடிந்து இரண்டு மாதம் ஆனால் போதும், என் வக்கீல் அலுவலகத்துக்கு ஒரே மாதிரி வழக்குகள் வரத் தொடங்கிவிடும். நெல்லைப் போட்டாயிற்று, பணம் வரவில்லை, புரோக்கர் போனை எடுப்பதில்லை. கடைசியாக வந்தவர்கள் மன்னார்குடிப் பக்கம் ஒரு கணவன் மனைவி. ஐந்து ஏக்கர் நெல் மொத்தமும் லாரி ஏறிப் போய்விட்டது. கையில் இருப்பது ஒரு துண்டுச்சீட்டு. அதில் மூட்டைக் கணக்கும் ஒரு தொகையும் மட்டும். வாங்கியவர் பெயர் இல்லை, தேதி இல்லை, கையெழுத்து இல்லை. "தெரிஞ்ச புள்ளதான் சார், மூணு வருஷமா நம்மகிட்டதான் எடுக்குது" என்றார் அந்த அம்மா.

இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதைவிட அலுப்பூட்டுவது இன்னொரு பேச்சு: "விவசாயிக்கு விற்கும் சுதந்திரம் இல்லை சார், அதனால்தான் இப்படி." படித்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் உங்கள் நெல்லை அரசுக்குத்தான் விற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இன்று கட்டாயப்படுத்தவில்லை. டிபிசி என்று நாம் சொல்லும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போடலாம், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் விடலாம், ரைஸ் மில்லுக்கு நேராகக் கொண்டுபோகலாம், களத்துக்கு வரும் வியாபாரிக்கும் கொடுக்கலாம். தஞ்சாவூர் மாவட்டத்தைத் தாண்டி நெல்லைக் கொண்டுபோவதே குற்றமாக இருந்த காலம் ஒன்று உண்டு. அது உங்கள் தாத்தா காலம். 2002-இலேயே மத்திய அரசு நெல், அரிசி, கோதுமை போன்றவற்றை வாங்க, இருப்பு வைக்க, கொண்டுசெல்ல இருந்த தடைகளை நீக்கி ஆணை போட்டுவிட்டது.

அப்படியானால் ஏன் எல்லோரும் களத்து வியாபாரியிடமே போய் நிற்கிறார்கள்? காத்திருக்க முடியாததால். அறுவடை மெஷினுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்க வேண்டும். டிபிசியில் 17 சதவீத ஈரப்பதத்துக்குமேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். மழை பெய்தால் தளர்வு கேட்டு மாநில அரசு டெல்லிக்கு எழுதி, அங்கிருந்து குழு வந்து பார்த்து, ஆணை வருவதற்குள் குவியல் முளைத்துவிடும். 2025 அக்டோபரில் குறுவை நெல் நனைந்து கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். குத்தகைக்கு உழுபவர் நிலை இன்னும் மோசம். டிபிசியில் கேட்கும் நிலச் சான்றான சிட்டா வேறொருவர் பெயரில் இருக்கும், வாய்மொழிக் குத்தகைக்குக் காகிதமே இருக்காது. விதைப்பிலேயே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவருக்கோ விலை பேசும் வாயே கிடையாது. இவர்களுக்கெல்லாம் சட்டம் கொடுத்த சுதந்திரம் காகிதத்தில் இருக்கிறது, களத்தில் இல்லை.

விவசாயிக்குத் தன் விருப்பப்படி விற்கும் உரிமை வேண்டுமா என்று கேட்டால், நிச்சயம் வேண்டும் என்பேன். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் விலையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு, அந்தப் பணம் கைக்கு வருமா என்பதைப் பற்றி நாம் பேசுவதில்லை. இதில் கனடாவைப் பாருங்கள். அதன் மேற்கு மாகாணங்களில் கோதுமையை ஏற்றுமதிக்கோ உள்நாட்டில் உணவுக்கோ விற்பதென்றால் கோதுமை வாரியத்துக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் பல பத்தாண்டுகள் இருந்தது. அதை எதிர்த்துக் கோதுமையை எல்லை தாண்டி அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போன விவசாயிகளும் உண்டு. 2012 ஆகஸ்ட் 1-இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். விவசாயியிடம் தானியம் வாங்கும் நிறுவனம் அங்கே தானிய ஆணையத்திடம் உரிமம் பெற்று, விவசாயிக்குத் தர வேண்டிய பணத்துக்குப் பிணையும் கட்டியிருக்க வேண்டும் என்ற விதியை அவர்கள் எடுக்கவில்லை. வாங்கியவர் கைவிரித்தால், தானியம் கொடுத்த 90 நாளுக்குள், செக் வாங்கியிருந்தால் அதன் தேதியிலிருந்து 30 நாளுக்குள், அந்தப் பிணையிலிருந்து இழப்பீடு கோரலாம். யாருக்கும் விற்கலாம் என்ற உரிமையோடு இதுவும் சேர்ந்து வர வேண்டும்.

நம் நாட்டில் 2020-இல் வந்த மூன்று வேளாண் சட்டங்களில் ஒன்றான விளைபொருள் வணிகச் சட்டத்தில் என்ன இருந்தது? அன்றே, அல்லது மூன்று வேலை நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் வாங்குபவருக்கு ஒரு பான் கார்டு போதும், பிணை எதுவும் வேண்டாம். தகராறு வந்தால் கோட்டாட்சியரிடம் போக வேண்டும், சிவில் நீதிமன்றத்துக்குப் போக முடியாது. ஒரு வழக்கறிஞனாக அந்தப் பிரிவைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. 2021-இல் சட்டம் திரும்பப் பெறப்பட்டது, சரி. ஆனால் பிணை இல்லாமல் மூட்டை தூக்கும் வழக்கம் அதற்கு முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அரசு செய்ய வேண்டியதை அரசு செய்யும்வரை நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

முதலில் விலையைக் கிலோவில் கணக்குப் போடுங்கள். டிபிசியில் சிப்பம் என்கிற மூட்டை 40 கிலோ, களத்து வியாபாரி மூட்டை பெரும்பாலும் 62 கிலோ. 2025-26 பருவத்துக்கு டிபிசி விலை, மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துச் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய், சாதா ரகம் 2,500. வியாபாரி மூட்டைக்கு 1,300 என்றால் குவிண்டாலுக்கு 2,100 கூட வரவில்லை. "மூட்டைக்கு ஆயிரத்து முந்நூறு" என்று கேட்டதும் மகிழ்ந்து போகாதீர்கள்.

லாரி கிளம்புமுன் எடைமேடை ரசீது வாங்குங்கள். லாரி எண்ணோடு போட்டோ எடுங்கள். வாங்குபவரின் முழுப்பெயர், ஊர், எத்தனை மூட்டை, எத்தனை கிலோ, எந்தத் தேதிக்குள் பணம் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மறுப்பவருக்கு மூட்டையை ஏற்றாதீர்கள். "கோபிச்சுக்குவாங்க" என்பீர்கள். கோபித்துக்கொள்ளட்டும்! பணத்தை வங்கிக் கணக்கில்தான் வாங்க வேண்டும். மொத்தத்தையும் ஒரே லாரியில் அனுப்பாமல், முதல் லோடுக்குப் பணம் ஏறிய பிறகு அடுத்ததை அனுப்புங்கள். வாட்ஸ்அப் பேச்சை அழிக்காதீர்கள், அந்தப் போனையும் விற்றுவிடாதீர்கள்.

பக்கத்தில் ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இருந்தால் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள். கமிஷன் பிடிப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். விவசாயியிடம் கமிஷன் கிடையாது, சந்தைக் கட்டணம், நெல்லை வாங்குகிற வியாபாரியின் தலையில். விலை சரியில்லை என்றால் கிடங்கில் வைத்துவிட்டு, அந்த நெல்லின் மேல் பொருளீட்டுக் கடன் கேட்கலாம்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன். உங்கள் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக்கை வியாபாரிக்கு இரவல் கொடுக்காதீர்கள். உங்கள் பெயரில் அவர் டிபிசியில் நெல்லைப் போட்டால், பின்னால் விசாரணை வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஏமாந்தவுடன் எல்லோரும் ஓடுவது காவல் நிலையத்துக்கு. புகார் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மோசடி வழக்கு நிற்க, வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். மூன்று வருடம் ஒழுங்காகப் பணம் கொடுத்தவர் என்று நீங்களே சொன்னால், "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள். பணம் தரத் தேதி எதுவும் குறிக்கவில்லை என்றால், பாக்கிப் பணத்துக்கான சிவில் வழக்குக்கு நெல் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. "இன்னிக்கு தரேன், நாளைக்கு தரேன்" என்று அவர் வாயால் சொல்வதால் மட்டும் கெடு நீளாது. கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நீளும்.

செக் கொடுத்திருந்தால் கெடு இன்னும் குறுகியது. செக்கில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிவிட்டது என்ற தகவல் வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. வழக்குப் போடத் தாமதமானால் தகுந்த காரணம் காட்டி நீதிமன்றத்திடம் கேட்டுப் பார்க்கலாம், நோட்டீஸ் தாமதத்துக்கு அந்த வழியும் கிடையாது. "போடாதீங்க அண்ணே, அடுத்த வாரம் கையிலேயே கொடுத்துடுறேன்" என்று அவர் சொன்னதை நம்பி பீரோவில் செக்கை வைத்திருப்பவர்கள் இன்றைக்கே எடுத்துத் தேதியைப் பாருங்கள். மூன்று மாதம் தாண்டவில்லை என்றால் நாளைக் காலை வங்கிக்குப் போய்விடுங்கள்.