பட்டன் இருக்கு, டயர் இல்லை

"அண்ணா, பட்டன் நல்லாத்தானே இருக்கு?" வாரத்துக்கு இருபது பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். பட்டன் என்பது டயரின் மேல்பட்டையில் தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டங்கள். பெங்களூரு அல்சூரில் டயர் கடை வைத்து 19 வருஷம் ஆகிறது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் நம்ம ஆட்கள், சேலம், மதுரை, நெல்லை, வேலூர் என்று வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியை ஊருக்குத் திருப்புகிறவர்கள். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பொங்கல் சமயம், பெல்லந்தூரில் ஐ.டி. வேலையில் இருக்கிற நெல்லைக்காரத் தம்பி ஒருவர் காற்று அடிக்க வந்தார். அன்று ராத்திரியே கிளம்புகிறாராம், மனைவியும் மூன்று வயசுக் குழந்தையும் கூட. சின்னக் கார், ஏழு வருஷத்துக்கு மேல் ஆகியும் ஓடியது 31,000 கிலோமீட்டர்தான். கொரோனா காலம் முழுக்க அப்பார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நின்றே கிடந்த வண்டி. டயரைப் பார்த்தால் பட்டன் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் குனிந்து சைடுவாலை, அதாவது டயரின் பக்கச் சுவரை, கட்டைவிரலால் அழுத்தினேன், கோடை மாதம் ஏரி வெடிக்கிற மாதிரி மெல்லிசாகக் கோடு கோடாகத் திறந்து மூடியது. தேதியைத் தேடினேன்: 3415. அதாவது 2015-ஆம் வருஷத்தின் 34-ஆவது வாரத்தில் செய்த டயர். "தம்பி, நாலையும் மாத்திட்டுப் போங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "டயர்க் கடைக்காரர் வேற என்னண்ணா சொல்வீங்க" என்று காற்றுக்குக் காசைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கோபமெல்லாம் இல்லை, அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

காலை அஞ்சு மணிக்குப் போன். தொப்பூர் கணவாய் இறங்கி ஓமலூர் வருவதற்குள் பின்பக்க இடது டயர் உரிந்துவிட்டது. வெடிக்கவில்லை, முதலில் உரிந்தது. பட்டன் இருக்கிற மேல்பட்டை, உள்ளே இருக்கிற கம்பி வலையை விட்டுக் கழன்று, வாழைப்பட்டை மாதிரி நீளமாகப் பிய்ந்து ஃபெண்டரை அடித்துக் கிழித்திருக்கிறது, அப்புறம்தான் காற்று போயிருக்கிறது. நல்லவேளை, பிரேக்கை மிதிக்காமல் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து ஓரம் கட்டிவிட்டார். ஸ்டெப்னியைக் கீழே இறக்கினால், முப்பதாவது இருக்க வேண்டிய காற்றழுத்தம் அதில் வெறும் 9 பி.எஸ்.ஐ.

அந்தப் பட்டையை எனக்கென்று பத்திரமாக எடுத்து வந்து கொடுத்தார். கடைச் சுவரில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன். இன்றைக்கு வந்து அளந்து பார்த்தாலும் அதில் பட்டன் ஆறு மில்லிமீட்டர் இருக்கும்.

பெங்களூரு டிராஃபிக் இருக்கிறதே, அது டயரின் நோயை மறைத்துவிடுகிறது. சில்க் போர்டு சிக்னலில் இருபது நிமிஷம் நிற்கிற, மீதி நேரம் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்கிற டயருக்குச் சூடே ஏறாது. வெயிலும் நமக்கு அவ்வளவு கிடையாது. காற்று பத்து பி.எஸ்.ஐ. குறைவாக இருந்தாலும், உள்ளே கம்பி விட்டிருந்தாலும், ஒயிட்ஃபீல்டு போய்த் திரும்புகிறவருக்கு ஒன்றுமே தெரியாது. அதே வண்டி அத்திப்பள்ளி டோலைத் தாண்டி, நாலு பேரும் டிக்கி நிறைய சாமானுமாக, நிற்காமல் மூன்று மணி நேரம் நூறில் ஓடும்போதுதான் டயருக்கு நிஜமான பரீட்சை. டயர் ஒவ்வொரு சுற்றிலும் தரையில் படும் இடத்தில் மடங்கி நிமிர்கிறது, காற்று குறைந்தால் கூடுதலாக மடங்குகிறது, மடங்க மடங்கச் சூடு. அந்தச் சூடுதான் ரப்பரையும் கம்பியையும் ஒட்ட வைத்திருக்கிற பிடிப்பைப் பிரிக்கிறது. ஊருக்குள் ஒரு வருஷமாக ஒன்றும் ஆகவில்லை என்பது ஹைவேக்குச் செல்லாத சர்டிஃபிகேட்.

ஓடாத டயர் தேயாது, சரி, ஆனால் கெடும். ரப்பரில் வெடிப்பு வராமல் காக்க மெழுகு மாதிரி சில பொருட்களைக் கலந்திருப்பார்கள், வண்டி ஓடி டயர் மடங்கும்போதுதான் அவை மேலே கசிந்து வந்து பூச்சு மாதிரி நிற்கும். நின்றே கிடக்கிற வண்டியில் அது நடப்பதில்லை. அதனால்தான் பேஸ்மென்ட் கார்களின் டயர் பார்க்கப் புதுசாகவும் தொட்டால் காய்ந்தும் இருக்கிறது.

தேதி பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள், ஒரு நிமிஷ வேலை. சைடுவாலில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நாலு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 0823 என்றால் 2023-இன் எட்டாவது வாரம். பல டயர்களில் இது ஒரு பக்கம்தான் முழுசாக இருக்கும், வெளியே தெரியவில்லையென்றால் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து உள்பக்கம் பாருங்கள். என் கணக்கு இதுதான்: அஞ்சு வருஷம் ஆனதும் வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றி உள்ளும் புறமும் பார்க்க வேண்டும், ஆறு தாண்டிய டயரில் குடும்பத்தோடு ஹைவே போகாதீர்கள். கம்பெனிகளே பத்து வருஷத்துக்கு மேல் எப்படி இருந்தாலும் தூக்கிப் போடச் சொல்கின்றன, ஆனால் நம் ரோட்டுக்கும் நம் பராமரிப்புக்கும் பத்து என்பது ரொம்பத் தாராளம். புது டயர் வாங்கும்போதும் தேதியைப் பாருங்கள். மூன்று வருஷப் பழைய ஸ்டாக்கைப் பாலிஷ் போட்டுத் தள்ளுபடி விலையில் மாட்டிவிடுகிற கடையை நானே பார்த்திருக்கிறேன். என் மச்சானுக்கே அப்படி மாட்டினார்கள், எங்கே என்று கேட்காதீர்கள்.

காற்று. இதில் வரும் சண்டையைச் சொல்லி மாளாது. "35 போடுங்க" என்று கண்ணாடியை இறக்காமலே விரலைக் காட்டுவார்கள். உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், சிலவற்றில் பெட்ரோல் மூடிக்கு உள்ளே. பல சின்னக் கார்களுக்கு 30-லிருந்து 36-க்குள் இருக்கும், முன்னுக்கும் பின்னுக்கும் வேறு வேறாக இருக்கலாம், ஆள் நிறைய ஏறினால் இவ்வளவு என்று தனியாகவும் போட்டிருப்பார்கள். டயரிலேயே 44, 51 என்று அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடித்துக்கொண்டு வந்த ஒருவர், வண்டி கல்லில் பட்டால் பந்து மாதிரி குதிக்கிறது, சஸ்பென்ஷன் போச்சு என்று மெக்கானிக்கிடம் ஆயிரங்களைச் செலவழித்துவிட்டு அப்புறம் என்னிடம் வந்தார்.

காலையில், வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சூடு பத்து டிகிரி ஏறினால் ஒன்றரை, இரண்டு பி.எஸ்.ஐ. ஏறும். கிருஷ்ணகிரியில் டீ குடிக்க நிறுத்தும்போது செக் பண்ணி, கூடிவிட்டதே என்று காற்றை இறக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அதைவிடக் கெட்ட காரியம் கிடையாது. இன்னொரு வேடிக்கை: பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே குறைவு, அதனால் இங்கே அடித்த காற்று சென்னையில் கேஜில் ஒன்றரை பி.எஸ்.ஐ. குறைத்துக் காட்ட வேண்டும். ஆனால் சென்னை வெயில் அதை ஈடுகட்டிவிடும். அதனால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், ஸ்டிக்கர் அளவு போதும். நைட்ரஜனா? நீங்கள் மூச்சு விடுகிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். என் கடையிலும் போடுகிறோம், கேட்டால். நான் என் வண்டிக்குப் போடுவதில்லை. டேஷ்போர்டில் டயர் விளக்கு எரியும் வண்டி என்றால் அதையும் முழுசாக நம்ப வேண்டாம், பல வண்டிகளில் கால்வாசிக் காற்று போன பிறகுதான் அது எரியும்.

நம்ம ஊர்ப் பள்ளங்கள் பற்றித் தனியாகப் புராணமே எழுதலாம். மழை பெய்து தண்ணீர் நின்றால் பள்ளமா ரோடா என்று தெரியாது, டொக்கென்று விழும். ரிம் வளைந்தால் தெரிந்துவிடும். ஆனால் டயர் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவில் நசுங்கி உள்ளே நூல் அறுந்தால், ஒன்றிரண்டு நாள் கழித்து சைடுவாலில் ஒரு கொப்புளம் கிளம்பும், எலுமிச்சம்பழம் பாதியாக அறுத்து ஒட்டிய மாதிரி. அதற்கு வைத்தியம் கிடையாது. ஒட்டவும் முடியாது, தைக்கவும் முடியாது. அந்த இடத்தில் காற்றைத் தாங்குவது வெறும் ரப்பர்தான்.

இங்கே என் தப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கடை ஆரம்பித்த புதுசில், சைடுவாலில் ஆணி ஏறிய டயரை, "இன்னிக்கு மட்டும் ஓடட்டும், நாளைக்கு மாத்திடறேன்" என்று ஒரு டாக்ஸிக்காரர் கெஞ்சியதால் ஓட்டையில் ரப்பர் குச்சியைச் செருகிப் பஞ்சர் போட்டுக் கொடுத்தேன். நாளைக்கு என்பது மூன்று வாரம் ஆனது. தேவனஹள்ளி ஏர்போர்ட் ரோட்டில் அந்தக் குச்சி பிய்த்துக்கொண்டு போனது, உள்ளே பயணி. யாருக்கும் அடியில்லை. அன்றிலிருந்து சைடுவாலில் கை வைப்பதில்லை, யார் கெஞ்சினாலும். பட்டன் பகுதியில் ஏறிய சின்ன ஆணிக்குக் கூட, குச்சியை வெளியிலிருந்து குத்துவது ஆத்திர அவசரத்துக்குத்தான். டயரைக் கழற்றி உள்ளே பார்த்து, உள்ளிருந்து காளான் வடிவப் பேட்ச் போடுவதுதான் சரி. காற்றில்லாமல் அரை கிலோமீட்டர் ஓட்டியிருந்தாலே சைடுவால் உள்பக்கம் கறுப்புத் தூளாக அரைபட்டிருக்கும், கழற்றாமல் அது தெரியாது. வெளிவட்டச் சாலையில் ஒரு பொறியாளர் காந்தம் வைத்து ஆணி பொறுக்கிய செய்தி பலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரே மாதிரி ஆணி, ஒரே இடத்தில், கொஞ்ச தூரத்தில் பஞ்சர் கடை என்றால் எனக்கும் சந்தேகம் வரும். அங்கேயே நிறுத்தாமல், காற்று தாங்குகிறதென்றால் தெரிந்த கடைக்கு மெதுவாக வாருங்கள்.

மாற்றும் நேரம் வந்துவிட்டது என்றால்: பட்டன் பள்ளத்துக்குள் சின்ன ரப்பர் மேடு இருக்கும், 1.6 மில்லிமீட்டர் உயரம், பட்டன் தேய்ந்து அதற்குச் சமமாகிவிட்டால் சட்டப்படியே டயர் முடிந்தது. மழைக்கு அதுவரை காத்திருக்காதீர்கள், மூன்று மில்லிமீட்டரில் நான் மாற்றிவிடுவேன், அதற்குக் கீழே போனால் தண்ணீரை வெளியே தள்ளப் பள்ளம் போதாது, வண்டி தண்ணீர் மேல் மிதக்கும்.

அளவில் விளையாட வேண்டாம். 185/65 ஆர்15 88எச் என்றால் அகலம் 185 மில்லிமீட்டர், உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். அந்த 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம், எச் என்பது 210 கிலோமீட்டர் வேகம். உங்கள் வண்டிக்குச் சொன்ன எண்ணைவிடக் குறைந்த சுமை எண் உள்ள டயர் விலை மலிவு என்பதால் வாங்கி மாட்டாதீர்கள்.

நாலும் மாற்றக் காசில்லை, இரண்டுதான் என்றால் புதுசு எங்கே போகும்? "முன்னாடி போடுங்க, எஞ்சின் அங்கதானே" என்பார்கள். பின்னால்தான் போட வேண்டும். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடித்துவிடும். ஈரத்தில் பின் டயர் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றும், சாதாரண டிரைவர் அதைத் திருப்பிப் பிடிக்க முடியாது. இதற்காக என்னோடு சண்டை போட்டுவிட்டு வேறு கடைக்குப் போனவர்கள் உண்டு, போகட்டும்.

மாட்டும்போது டீ குடிக்கப் போகாமல் பக்கத்தில் நில்லுங்கள். வால்வும் புதுசு போடுகிறார்களா, டயரில் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையில் மாட்டுகிறார்களா, ஏர் கன்னால் டர்ரென்று இறுக்கிவிட்டு விடாமல் கடைசி முறுக்கை, முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்சில் எதிர் எதிர் நட்டாகப் போடுகிறார்களா என்று பாருங்கள். ஏர் கன்னால் அளவுக்கு மேல் முறுக்கிய நட்டை ராத்திரி ஹைவேயில் நீங்கள் கையால் கழற்றவே முடியாது. 50, 100 கிலோமீட்டர் ஓட்டியதும் ஒரு தடவை நட்டைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைவேயில் நீங்களே மாற்ற நேர்ந்தால், முதலில் வண்டியை எவ்வளவு முடியுமோ அவ்வளவு ஓரம் கொண்டுபோங்கள், ரிம் வளைந்தாலும் பரவாயில்லை. ஆட்களை இறக்கித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள், எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்கு ஐம்பது மீட்டராவது பின்னால் வையுங்கள். நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே கொஞ்சம் தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி போடுங்கள், ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ச் சக்கரத்துக்குக் கல் வைத்து. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் சாய்த்துத் தள்ளி வையுங்கள், ஜாக்கி சரிந்தால் அது தாங்கும். பழுது வலது பக்கச் சக்கரத்தில், லாரிகள் உரசிப் போகிற பக்கம் என்றால் தொடவே தொடாதீர்கள், நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்குப் போன் போடுங்கள்.

அந்த நெல்லைத் தம்பி இப்போது தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாலேயே வந்துவிடுகிறார், முதலில் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத்தான் காட்டுகிறார். நீங்களும் அப்படி முன்னாலேயே வாருங்கள். பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் என் கடை வாசலில் வண்டி மெயின் ரோடு வரை நிற்கும், போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டிருப்பார், அந்த அவசரத்தில் சைடுவாலை அழுத்திப் பார்க்க எனக்கும் நேரமிருக்காது. செவ்வாய், புதன் மதியம் என்றால் பையன் டீயும் வாங்கி வருவான்.