கன்னியாவை விடச் சூடான ஒரு குப்பைக் குவியல்

"உக்கும் என்று அச்சிட்டிருந்த சாப்பாட்டுப் பெட்டியை வளவில் புதைத்தேன். ஒரு மாரி முழுக்க நனைந்தும் அப்படியே கிடக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?" என்று திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பெட்டியின் அடியில் பிஎல்ஏ என்று இருந்ததாம்.

ஏமாற்று இல்லை, இடம்தான் பிழை. பிஎல்ஏ என்பது பொலிலற்றிக் அமிலம். சோள மாப்பொருளையோ கரும்புச் சீனியையோ நொதிக்க வைத்து, தயிரைப் புளிக்கச் செய்யும் அதே இலற்றிக் அமிலத்தை எடுத்து, அதன் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்துச் செய்வது. அந்தச் சங்கிலியை நுண்ணங்கிகளால் முழுசாகத் தின்ன முடியாது. முதலில் நீர் புகுந்து அதைத் துண்டு துண்டாக அறுக்க வேண்டும்.

நீர் எப்போது புகும்? நேற்றைய இடியப்பத்தை நினைத்துப் பாருங்கள். காய்ந்து இறுகிய கட்டியை ஆவியில் வைத்தால் இழைகள் இளகி விலகும். பிஎல்ஏ சங்கிலிகளும் 55 முதல் 60 பாகை செல்சியஸில் அப்படித்தான் இளகுகின்றன. நீர் உள்ளே நுழைந்து ஒரு கண்ணியை அறுக்கிறது. அறுந்த நுனியில் ஓர் அமிலத் தலை முளைக்கிறது. அந்த அமிலமே அடுத்த கண்ணி அறுவதை வேகப்படுத்துகிறது. வெட்ட வெட்டக் கத்தி கூராகிறது! எத்தனை தரம் படித்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

நமது வளவு மண்ணில் அந்தச் சூடு கிடையாது. கன்னியா வெந்நீர்க் கிணறுகளே 40 பாகைக்கு அருகில்தான் நிற்கின்றன. கடலில் போட்டாலும் பிஎல்ஏ சாதாரண பிளாஸ்டிக் போல ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

சரி, அந்த 55க்கும் 60க்கும் இடைப்பட்ட 58 பாகைக்கு எங்கே போவது? விறகு வேண்டாம், மீந்த சோறும் மீன் கழிவும் போதும். ஒரு கன மீற்றர் அளவுக்குச் சாப்பாட்டுக் கழிவைக் காய்ந்த இலை, தும்புத்தூளோடு குவித்துக் காற்றுப்படப் புரட்டிவந்தால், பற்றீரியாக்கள் தின்னும்போது விடும் வெப்பம் வெளியேற முடியாமல் தேங்கி, குவியல் சில நாட்களில் 60 பாகையைத் தொடும். பெட்டியில் காபன் உண்டு, நைதரசன் இல்லை. நுண்ணங்கிகளுக்கு வேண்டிய நைதரசனைச் சோறும் மீனும் தருகின்றன. ஆகவே குழம்பு ஒட்டிய பெட்டியைக் கழுவத் தேவையில்லை. கழிவோடு சேர்த்தே போடலாம். ஐரோப்பியத் தரமான ஈஎன் 13432 இன்படி, இப்படிப்பட்ட சூழலில் பெட்டியின் காபனில் 90 வீதம் 6 மாதத்துக்குள் காபனீரொட்சைட்டாக மாற வேண்டும்.

ஒரு சாதாரண சொப்பின் பை கலந்தாலும் பசளை கெட்டுவிடும். கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்கள் சோறு மணக்கும் பைகளைத் தேடித் தின்பதைப் பார்த்தவர்களுக்கு, பிரித்துப் போடுவது எவ்வளவு முக்கியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவருக்கு இதற்குச் சிறு ஆய்வுப்பணம் கொடுத்தால் என்ன? ஒரு குவியல், ஒரு நீள வெப்பமானி, மேலே கிடுகுக் கூரை. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து சூடு இறங்கிவிடாமல் 58 பாகை நிற்கிறதா என்று எங்கள் ஊரிலேயே அளந்து பார்க்க வேண்டும்.