தேயிலைக் கொழுந்திலிருந்து டி.என்.ஏ. எடுப்பது எப்படி?

நாற்றுமேடையில் பொலித்தீன் பைகளுக்குள் நிற்கும் பத்து மாதக் கன்றுகளைப் பார்த்து, இது டி.ஆர்.ஐ. 2023, அது டி.ஆர்.ஐ. 2025 (இரண்டும் இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் இனங்கள்) என்று அடித்துச் சொல்வது அனுபவசாலிகளுக்கும் சிரமம். நிழலுக்கும் உரத்துக்கும் ஏற்ப இலையின் அளவும் நிறமும் மாறும். ஆனால் கன்று மலையில் நடப்பட்டுவிட்டால் பல பத்து வருடங்களுக்கு அங்கேதான் நிற்கும். கொப்புள நோயைத் தாங்காத இனம் கலந்துவிட்டது என்பது இரண்டாம் கவ்வாத்துக்குப் பிறகு தெரியவந்தால், அதைத் திருத்த ஒரே வழி பிடுங்கி மறுபடி நடுவதுதான். அதனால்தான் நடுவதற்கு முன்பே கன்றின் டி.என்.ஏ.வைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தேயிலைச் செடி தன் மகரந்தத்தால் தானே நல்ல விதை வைக்காது; பூச்சிகள் வேறு செடியிலிருந்து கொண்டுவரும் மகரந்தம் வேண்டும். ஆகவே விதையில் முளைத்த ஒவ்வொரு செடியும் மற்றதிலிருந்து வேறுபட்டது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தொடங்கியதும், இன்று பழைய தோட்டங்களில் மிஞ்சியிருப்பதும் அத்தகைய விதைத் தேயிலைதான். ஒற்றை இலையோடு வெட்டித் தண்டை நட்டு வளர்க்கும் வி.பி. தேயிலை அப்படியல்ல. தாய்ச் செடியின் டி.என்.ஏ. எதுவோ அதுவே கன்றிலும் இருக்கும். 15 சோடி நிறமூர்த்தங்கள், ஒரு தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துச் சோடிகள். இரண்டு செடிகள் ஒரே இனமா என்று அறிய இவற்றில் ஒரு டசின் இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். கடினமான வேலை அந்த டி.என்.ஏ.வைச் சுத்தமாக வெளியே எடுப்பதுதான்.

உயிருள்ள கொழுந்தில் பொலிபினோல்கள் கலத்தின் புன்வெற்றிடத்துக்குள்ளும், அவற்றை ஒட்சியேற்றும் நொதியம் பச்சையவுருமணிக்குள்ளும் தனித்தனியே இருக்கின்றன. தொழிற்சாலையில் வாடிய கொழுந்தை ரோலரில் போட்டு உருட்டும்போது கலங்கள் உடைந்து இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இலை செம்பு நிறமாகிறது. தேநீரின் நிறமும் சுவையும் அங்கேதான் பிறக்கின்றன. ஆய்வுகூடத்தில் இலையை உரலில் அரைத்தாலும் நடப்பது அதே தாக்கம்தான். அப்போது உண்டாகும் குயினோன்கள் டி.என்.ஏ.வோடும் புரதத்தோடும் இறுகப் பிணைந்துவிடும். பிணைந்தபின் எத்தனை முறை கழுவினாலும் பிரியாது. கொழுந்தின் உலர்நிறையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பொலிபினோல் என்பதால், நெல் இலைக்கு எழுதிய செய்முறையைத் தேயிலைக்கு அப்படியே எடுத்தால் கிடைப்பது பழுப்புக் களிதான்.

எந்த இலையைப் பறிப்பது என்பதிலிருந்தே கவனம் வேண்டும். முற்றிய இலையில் பொலிபினோல் குறைவு. ஆனால் கலச்சுவர் தடிப்பு, பல்சக்கரைட்டுகள் (நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள்) அதிகம், கிராமுக்குக் கிடைக்கும் டி.என்.ஏ. குறைவு. மொட்டும் முதலிலையும் நல்லவை. கொப்புளமோ சிவப்புப் புள்ளியோ உள்ள இலை வேண்டாம். பங்கசு, அல்கா இவற்றின் டி.என்.ஏ.வும் சேர்ந்து வரும். தென்மேல் பருவ மாதங்களில் கொழுந்து எப்போதும் நனைந்திருக்கும். 70 சதவீத எதனோலால் துடைத்து, இலையின் நிறையைப் போல் பத்து மடங்கு சிலிக்கா ஜெல்லில் உடனே போட வேண்டும். மணிகள் நிறம் மாறினால் ஈரம் ஏறிவிட்டது என்று பொருள். அன்றே புது ஜெல் மாற்றாவிட்டால் இலை பழுத்துக் கறுக்கும்.

பிரித்தெடுக்கும் கரைசல் 100 மில்லிலீற்றருக்கு: சி.டி.ஏ.பி. 2 கிராம், உப்பு 8.18 கிராம், பி.வி.பி. 2 கிராம், pH 8.0 உள்ள 1 மோலர் டிரிஸ் 10 மில்லிலீற்றர், 0.5 மோலர் ஈ.டி.டி.ஏ. 4 மில்லிலீற்றர், மிகுதி நீர். மேர்கப்டோஎதனோலைப் பயன்படுத்தும் வேளையில்தான், மில்லிலீற்றருக்கு 10 மைக்ரோலீற்றர் வீதம், புகைப்போக்கிப் பெட்டிக்குள் வைத்துச் சேர்க்க வேண்டும். சி.டி.ஏ.பி. ஒரு சவர்க்காரம் போல மென்சவ்வுகளைக் கரைக்கும். டிரிஸ் pH மாறாமல் காக்கும். பி.வி.பி. பொலிபினோலைப் பற்றிக்கொள்ளும். மேர்கப்டோஎதனோல் ஒட்சியேற்றத்தைத் தடுக்கும். டி.என்.ஏ.வை வெட்டும் நொதியங்களுக்கு வேண்டிய மக்னீசியத்தை ஈ.டி.டி.ஏ. பிடித்து வைக்கும். உப்பின் அளவில் சமரசம் கூடாது: மேலே சொன்ன அளவில், அதாவது 1.4 மோலரில், டி.என்.ஏ. கரைந்தே இருக்கும், வெகுவாகக் குறைந்தால் அதுவும் சி.டி.ஏ.பி.யோடு சேர்ந்து படிந்துவிடும்.

மலைநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் இதில் உண்டு. குளிர்ந்தால் சி.டி.ஏ.பி. கரைசலிலிருந்து பிரிந்து வெள்ளையாக உறையும். நுவரெலியாவில் தை மாதக் காலையில் மேசைமேல் இருக்கும் போத்தலில் இதைப் பார்க்கலாம். கரைசல் கெட்டுவிடவில்லை, 65 பாகையில் வைத்துக் கலக்கினால் தெளிந்துவிடும். இதே காரணத்தால் பின்னால் வரும் குளோரோபோம் படியில் மையநீக்க இயந்திரத்தைக் குளிரூட்டி ஓட்டக்கூடாது.

100 மில்லிகிராம் பச்சை இலை, அல்லது 20 மில்லிகிராம் உலர் இலை, போதும். −196 பாகைத் திரவ நைதரசனில் இலையை மாவாக அரைத்து, மாவு உருகுமுன் 65 பாகையிலுள்ள 800 மைக்ரோலீற்றர் கரைசலில் கொட்ட வேண்டும். முழு வேலையின் வெற்றியும் இந்தச் சில விநாடிகளில்தான் தங்கியிருக்கிறது. உரலின் ஓரத்தில் உருகிச் சிவந்த மாவைச் சுரண்டிச் சேர்க்கவே கூடாது. 65 பாகையில் 45 நிமிடம் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெதுவாகக் கவிழ்க்க வேண்டும். பிறகு 24:1 குளோரோபோம்–ஐசோஅமைல் அற்ககோல் சம அளவு. மையநீக்க இயந்திரத்தில் 12,000 ஜி விசையில் 10 நிமிடம். மேல் நீர்ப்படையை மட்டும் எடுத்து இதையே இன்னொரு முறை செய்ய வேண்டும். இடைப்படையைத் தொட்டால் புரதமும் கூடவே வரும். நீர்ப்படையில் கடைசி 100 மைக்ரோலீற்றரை எடுக்காமல் விட்டுவிடுவதே நல்லது. 0.7 மடங்கு குளிர்ந்த ஐசோபுரோப்பனோலில் டி.என்.ஏ. நூலாகத் திரளும். 70 சதவீத எதனோலில் இருமுறை கழுவி, மணம் போகும்வரை மட்டும் உலர்த்தி, 100 மைக்ரோலீற்றர் டி.இ. (டிரிஸ்–ஈ.டி.டி.ஏ.) கரைசலில் கரைத்து, ஆர்.என்.ஏ.வை அழிக்க ஆர்.என்.ஏஸ் சேர்த்து 37 பாகையில் அரை மணி நேரம் வைக்கலாம்.

படிவு வெள்ளையாகவோ கண்ணாடி போலவோ இருந்தால் நல்லது. பழுப்பென்றால் எறிந்துவிட்டுப் புது இலையில் தொடங்குவதே சிக்கனம். கூழாக வழுக்கினால் அது பல்சக்கரைட்டு. ஐசோபுரோப்பனோலுக்கு முன் 5 மோலர் உப்புக் கரைசல் அரை மடங்கு சேர்த்தால் அது கரைந்தே நின்றுவிடும். டி.என்.ஏ.வின் சுத்தத்தை அது 260, 280, 230 நனோமீற்றர் ஒளியை உறிஞ்சும் அளவுகளின் விகிதத்தால் பார்ப்பார்கள். 260/280 விகிதம் 1.8 வந்தவுடன் திருப்திப்படுகிறவர்கள் பலர். தேயிலைக்கு 260/230தான் முக்கியம். அது 2ஐ நெருங்காவிட்டால், டி.என்.ஏ. துண்டைப் பெருக்கும் பி.சி.ஆர். வேலை செய்யாமல் போகக்கூடும். அப்போது டி.என்.ஏ.வைக் கூட்டுவது தவறு, பி.சி.ஆரைத் தடுக்கும் மாசும் சேர்ந்தே கூடும். பத்து மடங்கு ஐதாக்கிப் பார்க்க வேண்டும்.

இனத்தைக் காட்டுவது ஜி.ஏ.ஜி.ஏ.ஜி.ஏ. என்று திரும்பத் திரும்ப வரும் பகுதிகள். ஒரு செடியில் அது 12 தடவை, இன்னொன்றில் 15 தடவை வந்தால், பெருக்கிய துண்டுகளின் நீளம் ஆறு எழுத்தால் வேறுபடும். பி.சி.ஆருக்கு 20 நனோகிராம் டி.என்.ஏ.; 94 பாகை, 55 பாகை, 72 பாகை என்று 35 சுற்று. சாதாரண ஒரு சதவீத அகரோஸ் ஜெல்லில் ஆறு எழுத்து வித்தியாசம் தெரியாது. பொலியக்ரிலமைட்டு ஜெல்லோ நுண்குழாய் இயந்திரமோ வேண்டும். உண்மையான பட்டைக்குக் கீழே இரண்டு எழுத்துக் குறைவில் மங்கலான நிழல்பட்டை வரும். அது நொதியம் வழுக்கியதால் வந்தது; அதை எண்ணக்கூடாது.

வாசிக்கும்போது ஒரு விதி. ஓரிடத்தில் மாறுபட்டால் முதலில் பரிசோதனையைத் திருப்பிச் செய்ய வேண்டும். இரண்டு, மூன்று இடங்களில் தெளிவாக மாறுபட்டால் அது வேறு இனம். எல்லா இடங்களும் பொருந்திவிட்டன என்பதற்காக ஒரே இனம் என்று அவசரப்படக்கூடாது. நம் நாட்டில் பரவலாக நட்ட பல வி.பி. இனங்கள் ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே செடியின் வழிவந்தவை. சகோதரச் செடிகள் நாலைந்து இடங்களில் தற்செயலாகவே ஒத்துப்போகும். அதனால் இடங்களைக் கூட்ட வேண்டும். ஒப்பிடும் மாதிரியும் பக்கத்துத் தோட்டத்துப் பெயர்ப்பலகையை நம்பி எடுத்ததாக இருக்கக்கூடாது. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிறுவகம் போல, இனம் உறுதிசெய்த தாய்ச் செடிகளை வைத்திருக்கும் இடத்திலிருந்து வந்திருக்க வேண்டும்.