பழைய வீட்டில் புதுப்பூச்சைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஓர் ஓட்டு வீடு விலைக்கு வந்திருக்கிறது என்று பார்க்கப் போயிருந்தோம். மச்சுப் பலகை முழுக்கக் கடுகளவு ஓட்டைகள். எனக்கு அங்கேயே மனசு விட்டுப்போயிற்று. கூட வந்த ஆசாரி ஓர் ஓட்டையில் வாயை வைத்து ஊதினார். தூசிகூட வரவில்லை.

"இது எப்பவோ காலி பண்ணிட்டுப் போன வீடு அண்ணே. அடுக்களைல புதுசா மாத்தின கழுக்கோலைப் பாருங்க" என்றார். கூரை ஓடுகளைத் தாங்கும் சாய்வான மரச்சட்டம்தான் கழுக்கோல்.

அங்கே தரையில் முகப்பவுடர் சிந்தினதுபோல வெளுத்த பொடி கிடந்தது.

மரம் உளுத்துப்போவதற்குக் காரணம் ஒருவகைச் சிறு வண்டு. மரத்தின் நுண்துளைகளில் முட்டையிடும். பொரிந்த புழு மாதக்கணக்கில் உள்ளேயே குடைந்து தின்று, வண்டாக மாறியதும் மரத்தைக் கடித்துக்கொண்டு வெளியேறும். நம் கண்ணில் படும் ஓட்டை அது வெளியே வந்த வழி. மாவுபோல் பொடி தள்ளும் இந்த வண்டுக்கு மரநாரைச் செரிக்கத் தெரியாது. அது தேடுவது மாவுச்சத்தை. மாவுச்சத்து இருப்பது மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியில்தான். வைரம் பாய்ந்த உட்பகுதியில் அது கிடையாது. வெள்ளையிலும் காலம் போகப்போகக் குறைந்துவிடும். அதனால்தான் பழைய தேக்கு உத்திரத்தில் ஓரத்தில் மட்டும் ஓட்டை இருக்கும். அதுவும் பெரும்பாலும் பழைய கதை.

ரப்பர் மரம் இதற்கு நேர் எதிர். குலசேகரம், அருமனைப் பக்கமெல்லாம் சல்லிசாகக் கிடைக்கிறது. ஆனால் தனியாக வைரம் என்று எதுவும் தெரியாத, மாவுச்சத்து நிறைந்த மரம். அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் ஏற்றினால்தான் தாங்கும். அதைச் செய்யாமல் கழுக்கோலாகப் போட்டால் வண்டுக்கு விருந்து வைத்த மாதிரி.

பொடி மாவாக இல்லாமல் கசகசா மாதிரி குருணையாக உதிர்ந்தால் அது காய்ந்த மரத்திலேயே வாழும் கரையான். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு குருணைக்கும் ஆறு பக்கம் தெரியும். சுவரில் மண்கோடு ஏறியிருந்தால் நிலத்துக் கரையான், நம் ஊர்ச் சிதல். இதற்கு ஈரம் வேண்டும். ஆகவே மரத்தைப் பார்க்கும் முன் சுவரைப் பார்க்க வேண்டும்.

செங்கல்லோ வெட்டுக்கல்லோ, உள்ளே மயிரிழையைவிடச் சன்னமான துளைகள் பின்னிக் கிடக்கும். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் தண்ணீர் தானாக ஏறும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆரமுள்ள குழாயில் கணக்குப்படி ஏறக்குறைய 1.5 மீட்டர். நிஜச் சுவரில் அவ்வளவு ஏறுவது அபூர்வம், வழியிலேயே ஆவியாகிவிடும். ஏறுவதும் ஆவியாவதும் சமமாகும் இடத்தில் ஓதக் கோடு, அதாவது ஈரம் ஏறி நின்ற தடம், நிற்கும். ஆவியாகும் தண்ணீர் விட்டுப்போன உப்பு அங்கேயே படிகமாகிப் பருத்துப் பூச்சைப் பொரித்துத் தள்ளும்.

பழைய சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அது உதிர்கிறதே என்று மேலே சிமெண்ட் பூசுகிறார்கள். என் கணக்கில் பழைய வீட்டுக்குச் செய்யும் பெரிய கெடுதல் இதுதான். ஆவியாக வழியில்லாத தண்ணீர் இன்னும் மேலே ஏறும். முழங்காலளவு நின்ற ஓதம் ஜன்னல் வரை போய், சுவருக்குள் பதிந்த கதவு, ஜன்னல் நிலைகளையும் நனைக்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சையும் பிடிக்கத் தொடங்கும். விற்கிற வீட்டில் கீழ்ச்சுவருக்கு மட்டும் புதுப்பூச்சு இருந்தால் தட்டிப் பாருங்கள். 'டொக்கு டொக்கு' என்று பொள்ளலாகக் கேட்டால், பூச்சு உள்ளே சுவரை விட்டுப்போயிருக்கிறது.

குளச்சல், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு கூத்து. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியும். ஒழுக்கே இல்லாத சுவர் நனைந்திருக்கும். ஈரமானி அதையும் ஓதம் என்றே காட்டும். அந்த உப்புப் பூச்சைக் கொத்தி எடுக்காமல் எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் வீண்.

பங்குனியில் போனால் எந்த வீடும் காய்ந்துதான் இருக்கும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் இது. ஆனி ஆடியிலோ ஐப்பசியிலோ ஒருமுறை போங்கள். பத்மநாபபுரம் அரண்மனையில் அத்தனை மரம் இத்தனை மழைக்குத் தாங்கி நிற்பதில் நீண்டு இறங்கிய கூரை இறவாரத்துக்கும் காற்று நுழையும் மர அழிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. (இருப்பது நம் மாவட்டத்தில், பராமரிப்பது கேரள அரசு!)

வாங்கியாயிற்று என்றால் முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்: ஓட்டு ஒழுக்கு, சுவரோரம் ஏறிவிட்ட மண், கசியும் குழாய். அப்புறம் சிமெண்ட் பூச்சை எடுத்துவிட்டு உலர விடுங்கள். சுவர் கனத்தில் ஓர் அங்குலத்துக்குச் சுமாராக ஒரு மாதம் பிடிக்கும். மரத்துக்கு மருந்து அதற்குப் பிறகு. முன்பு சொன்ன போராக்ஸ், போரிக் அமிலக் கரைசல் மரத்துக்குள் ஊறும். மழை படும் இடத்தில் கரைந்து போய்விடும். அங்கே பழைய ஆட்கள் கொல்லாங்கொட்டைத் (முந்திரிக்கொட்டை) தோட்டு எண்ணெய் பூசுவார்கள். கையில் பட்டால் தோல் வெந்துபோகும், கவனம்.

ஓட்டை பழையதா புதியதா என்று தெரிய ஆசாரி சொன்ன வழி எளிது. ஓட்டைகளின் மேல் மெல்லிய தாளைப் பசை போட்டு ஒட்டிவிட வேண்டும். விற்பவரும் சம்மதித்தார். இரண்டு மாதம் கழித்துப் போனபோது மச்சில் ஒட்டிய தாள் ஒட்டினபடியே இருந்தது. அடுக்களைக் கழுக்கோல் தாளில் மூன்று துளைகள்.